எட்டடிக்கு மூன்றடி பால்கனியில் எதை வளர்த்தால் காசு மிஞ்சும்?

கேள்வி: அம்பத்தூரில் வாடகை வீட்டில், இரண்டாவது மாடியில் இருக்கிறோம். நான், கணவர், மாமியார், பள்ளிக்குப் போகும் மகன். மேற்கு பார்த்த பால்கனி, எட்டடிக்கு மூன்றடி. மதியம் ஒரு மணிக்கு மேல்தான் வெயில் விழும். பிப்ரவரி கடைசியில் ஆறு பைகளில் தக்காளியும் குடைமிளகாயும் வைத்தேன். செடி நன்றாக வளர்ந்து ஏப்ரலில் பூத்தது, பூவெல்லாம் கொட்டிவிட்டது. போட்ட காசுக்கு ஒரு கிலோ தக்காளிகூட எடுக்கவில்லை. காய்கறிச் செலவைக் குறைக்கத்தான் ஆரம்பித்தேன். இந்த இடத்தில் எதை வளர்க்கலாம்? உண்மையிலேயே செலவு குறையுமா? கீழ்வீட்டில் தண்ணீர் சொட்டுகிறது என்கிறார்கள். மாமியாருக்கு முன்பு சிறுநீரகக் கல் இருந்தது; கீரை கொடுக்கலாமா?

பதில்: செலவு குறையும், ஆனால் தக்காளியால் குறையாது. உங்கள் கைப்பக்குவத்தில் குறை இல்லை. தக்காளிக்குக் குறைந்தது ஆறு மணி நேர நேர்வெயில் வேண்டும். அதைவிட முக்கியமானது இரவு வெப்பம். இரவு குளிராவிட்டால் மகரந்தம் சரியாகச் சேராது, பூ பிஞ்சாகாமல் உதிர்ந்துவிடும். சென்னையில் ஏப்ரல், மே இரவுகளில் வெப்பம் 25 டிகிரிக்குக் கீழே இறங்குவதே அரிது. அந்த மாதங்களில் பூத்த செடிக்கு எந்த உரம் போட்டிருந்தாலும் இதுதான் நடந்திருக்கும். குடைமிளகாய் இன்னும் குளிர்ச்சி கேட்கும் பயிர். ஓசூர்ப் பக்கம் பசுமைக்குடிலில் வளர்ப்பதை மேற்கு வெயில் அடிக்கும் சுவரோரம் எதிர்பார்க்க முடியாது.

அடுத்தது இடக்கணக்கு. உங்கள் பால்கனி 24 சதுர அடி. நடக்க, துணி உலர்த்த இடம் விட்டால் செடிக்கு மிஞ்சுவது பத்துப் பன்னிரண்டு சதுர அடிதான். நால்வர் இருக்கும் வீட்டில் நாளுக்கு முக்கால் கிலோ, ஒரு கிலோ காய் செலவாகும். அந்த எடையை இந்த இடத்திலிருந்து எடுக்கவே முடியாது. எடுக்கலாம் என்று சொல்லி அடுக்கு ஸ்டாண்டும் வண்ணத் தொட்டியும் விற்பவர்களிடம் தயவுசெய்து ஏமாறாதீர்கள். ஆகவே எடையை மறந்துவிட்டு, வீட்டில் எந்தப் பொருள் அடிக்கடி வாங்கப்பட்டு, பாதி வாடி, குப்பைக்குப் போகிறது என்று பாருங்கள். பத்து ரூபாய்க்குப் புதினா வாங்கி நாலு இலையை பிரியாணிக்குப் போட்டுவிட்டு மீதியை மூன்றாம் நாள் கறுத்துப்போய் எறிகிறோம். கொத்தமல்லி, கறிவேப்பிலை, பச்சைமிளகாய், கீரை எல்லாமே இந்த வகைதான். தேவைப்படும்போது தேவையான அளவு மட்டும் கிள்ளிக்கொள்ள வேண்டிய பொருள்களுக்குத்தான் பால்கனி பொருத்தமான இடம். இலைப் பயிர்களுக்கு மூன்று, நான்கு மணி நேர வெயிலே போதும் என்பது உங்களுக்கு இன்னொரு சாதகம்.

முதலில் கொடிப்பசலையை வையுங்கள். வெயில் விழும் பக்கத்துக் கம்பியை ஒட்டி இரண்டு பை. தெரிந்தவர் வீட்டில் ஒரு முழத் தண்டு வாங்கி ஊன்றினாலே வேர்விடும். சூட்டையும் தாங்கும், அரைநிழலையும் தாங்கும். கம்பியில் படர்ந்துவிட்டால் மேற்கு வெயிலின் கடுமை உள்ளே இருக்கும் செடிகள்மேல் விழாது. அக்னி நட்சத்திர நாள்களில் அதுவும் போதாது. அப்போது பழைய வெள்ளை வேட்டியை மாலை வெயிலுக்குத் திரையாகக் கட்டுங்கள். நிழல்வலைக்குத் தனியாகக் காசு செலவழிக்க வேண்டாம்.

பொன்னாங்கண்ணியும் புதினாவும் கடையில் வாங்கும் கட்டிலிருந்தே வரும். இலையை ஆய்ந்த பிறகு முற்றிய தண்டுகளில் நாலைந்தை எடுத்து, இரண்டு கணு மண்ணுக்குள் இருக்கும்படி சாய்த்து ஊன்றுங்கள். ஒரு வாரம் நிழலில் வைத்து ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் துளிர்க்கும். புதினாவுக்கு ஆழம் வேண்டாம், அகலம் வேண்டும். பழைய அன்னக்கூடை, அடியில் ஓட்டை போட்ட டப்பா எதுவும் ஆகும். ஆனால் தனியாக வையுங்கள், வேறு செடியோடு சேர்த்தால் அதை அமுக்கிவிடும்.

கீரைக்குப் பழக்கடையில் கிடைக்கும் தெர்மாகோல் பெட்டியே போதும். ஆறேழு அங்குல ஆழம், அடியில் பென்சில் பருமனில் ஆறேழு ஓட்டை. முளைக்கீரை விதை கடுகைவிடச் சிறியது. அப்படியே தூவினால் ஒரே இடத்தில் கொத்தாக விழுந்து, எல்லாம் நூலாக நீண்டு சாய்ந்துவிடும். ஒரு சிட்டிகை விதைக்கு ஒரு பிடி மணல் கலந்து தூவி, மேலே விதை மறையும் அளவுக்கு மட்டும் மண்புழு உரத்தைச் சலித்துப் போட்டு, கையால் தண்ணீர் தெளியுங்கள். குவளையால் ஊற்றினால் விதை மூலைக்கு ஒதுங்கிவிடும். மூன்று நாளிலிருந்து ஐந்து நாளுக்குள் முளைக்கும். எறும்பு விதையை இழுத்துப் போகும். பெட்டிக்கு வெளியே கொஞ்சம் அரிசிமாவைத் தூவிவிட்டால் அதைத் தேடிப் போகும். முளைக்கீரையை 25 நாளில் வேரோடு பிடுங்கிவிடலாம். அரைக்கீரை என்றால் பிடுங்காதீர்கள்; இரண்டு விரல்கடை தண்டை விட்டு, கத்தரிக்கோலால் வெட்டுங்கள். மறுபடி மறுபடி துளிர்க்கும்.

ஒரு பெட்டிக் கீரை பருப்போடு சேர்த்தால் நால்வருக்கு ஒருவேளைக் கூட்டுக்கு வரும். தனிப் பொரியலுக்குப் பற்றாது. அதனால் மூன்று பெட்டி வைத்து, பத்து நாள் இடைவெளியில் ஒவ்வொன்றாக விதையுங்கள். ஒரே நாளில் எல்லாவற்றையும் விதைத்தால் ஒரு வாரம் கீரையாகக் குவியும், அடுத்த மூன்று வாரம் கடைக்குத்தான் போக வேண்டும். அக்டோபர், நவம்பர் அடைமழையில் இளங்கீரை அடிபட்டு அழுகும். அப்போது பெட்டிகளைச் சுவரோரம் நகர்த்திவிட்டு, கொடிப்பசலையையும் புதினாவையும் நம்புங்கள்.

வெந்தயமும் கொத்தமல்லியும் அஞ்சறைப்பெட்டியிலிருந்தே வரும், விதைக்கடைக்குப் போக வேண்டாம். தனியாவைச் சப்பாத்திக் கட்டையால் லேசாக அழுத்தி இரண்டாகப் பிளந்து, ஒரு இரவு ஊறவைத்து விதைக்க வேண்டும். முளைக்கப் பத்து நாள்வரை ஆகும், பொறுத்திருங்கள். கோடையில் இது சீக்கிரம் பூவெடுத்துவிடும், அந்த மாதங்களுக்கு வெந்தயம் மேல்.

மிளகாய் இரண்டு செடி, அதிக வெயில் விழும் மூலையில். கறிவேப்பிலை ஒன்று, நாற்றாக வாங்கி, பெரிய பையில். முதல் வருடம் அதை உருவாதீர்கள், நுனியை மட்டும் கிள்ளுங்கள், பக்கக்கிளை விடும்.

தவசிக்கீரை பற்றி ஒரு எச்சரிக்கை. நிழலிலும் வரும், பூச்சி அதிகம் தொடாது, ‘மல்டிவைட்டமின் கீரை’ என்று எல்லாரும் சொல்வதால் நீங்களும் தேடிப் போகலாம். 1990களில் தைவானில் உடல் எடை குறைக்க இதைப் பச்சையாகச் சாறெடுத்துத் தொடர்ந்து குடித்தவர்களுக்கு நுரையீரல் கடுமையாகப் பாதிக்கப்பட்டது. எப்போதாவது கொஞ்சம், வேகவைத்து, மற்றக் கீரையோடு சேர்த்துச் சாப்பிடுங்கள். சாறாக வேண்டவே வேண்டாம்.

தக்காளியை விட மனமில்லை என்றால், தக்காளி எதற்கு என்று சமையலறையில் நின்று யோசித்துப் பாருங்கள். பெரும்பாலும் புளிப்புக்குத்தான். 2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டி, அரசு ரேஷன் கடைகளிலேயே 60 ரூபாய்க்கு விற்க வேண்டி வந்தது. அப்படிப்பட்ட நாள்களுக்குப் புளிச்சகீரை வளருங்கள். இரண்டு பையில் நாலு செடி நட்டு நுனி கிள்ளிக்கொண்டே வந்தால் கிளைத்துக்கொண்டே இருக்கும். ஒரு பிடி இலையைத் துவரம்பருப்போடு வேகவைத்துக் கடைந்து, பூண்டும் வரமிளகாயும் தாளித்தால் தக்காளியும் புளியும் இல்லாமல் சாதத்துக்கு ஒரு குழம்பு ஆகிவிடும். பால்கனியின் பணமதிப்பு இந்த மாதிரி மாற்றுகளில்தான் இருக்கிறது.

மண்ணுக்குப் புதிதாகச் செலவு வேண்டாம். தக்காளியைப் பிடுங்கிய பைகளைக் கொட்டி, வேரை அகற்றி, இரண்டு நாள் வெயிலில் காயவைத்து, நான்கில் ஒரு பங்கு மண்புழு உரமோ நன்றாக மக்கிய தொழுவுரமோ கலந்தால் கீரைக்குப் போதும். கூடுதலாகத் தேவைப்பட்டால் கோகோபீட் (தென்னைநார்த் தூள்) இரண்டு பங்கு, செம்மண் ஒரு பங்கு, உரம் ஒரு பங்கு. 5 கிலோ கோகோபீட் கட்டி ஊறினால் 60 லிட்டருக்குமேல் பொங்கும். அதை நேராகப் பைக்குள் போடக் கூடாது. அதில் உப்பு இருக்கும். ஊறவைத்துப் பிழிந்து இரண்டு மூன்று முறை தண்ணீர் மாற்றுங்கள். இலை ஓரம் கருகுகிறது என்று வருகிற புகார்களில் பலவற்றுக்கு இந்த வேலையைத் தவிர்த்ததுதான் காரணம். மாடித்தோட்டத்துக்கான பை, கோகோபீட், விதை, உயிர் உரம் அடங்கிய தொகுப்பைத் தோட்டக்கலைத் துறை மானிய விலையில் கொடுத்துவருகிறது. இப்போது உங்கள் பகுதியில் இருப்பு உண்டா என்று விசாரித்துவிட்டு வெளியில் வாங்குங்கள்.

பூச்சிக்கு, சாப்பிடும் இலையில் ரசாயனம் எதுவும் வேண்டாம். லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், நாலைந்து சொட்டு சோப்புக் கரைசல், நன்றாகக் கலக்கி மாலையில் இலையின் அடிப்பக்கம் படும்படி தெளியுங்கள். மூன்று நான்கு நாள் விட்டு, கழுவிப் பறிக்கலாம்.

கீழ்வீட்டுப் புகார் நியாயமானது, அதைச் சரிசெய்துவிட்டுத்தான் விதைக்க வேண்டும். ஒவ்வொரு பைக்கும் அடியில் தட்டு வையுங்கள். ஒரேயடியாக ஒரு குவளை ஊற்றாமல் காலையில் பாதி, மாலையில் பாதி ஊற்றினால் வழியவே வழியாது. தட்டில் தேங்கியதை அன்றன்றே கொட்டிவிட வேண்டும். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு அந்தத் தெளிந்த தண்ணீரே போதும். நனைந்த பை கனமாக இருக்கும். பெரிய பைகளைக் கம்பி ஓரத்தில் குவிக்காமல் சுவரோடு சேர்த்து வையுங்கள். இரண்டாவது மாடியில் கம்பிக்கு வெளியே எதையும் தொங்கவிடாதீர்கள், கீழே பிள்ளைகள் நடமாடுவார்கள்.

இனி அடுப்படி. பால்கனி மிச்சப்படுத்துவதைவிட இங்கே மிஞ்சுவது அதிகம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நீங்கள் காசு கொடுத்து வாங்கும் காயில் கணிசமான பகுதி தோலாகவும் தண்டாகவும் இலையாகவும் போகிறது. முள்ளங்கியை இலையோடு வாங்கினால் இலை ஒரு நாள் பாசிப்பருப்புப் பொரியல். காலிபிளவர் தண்டைப் பொடியாக நறுக்கினால் சாம்பாரில் நூல்கோல் மாதிரி வேகும். தர்பூசணியின் பச்சைத் தோலைச் சீவிவிட்டு, வெள்ளைப் பகுதியை மோர்க்குழம்பில் பூசணிக்காய்க்குப் பதில் போடலாம். முளைக்கீரைத் தண்டைப் புளிக்குழம்பில் போடுங்கள்.

பீர்க்கங்காய்த் துவையலை மட்டும் அளவோடு சொல்கிறேன், ஏனென்றால் இதைச் செய்யாத வீடுகள் இப்போது நிறைய. காயைத் தோல்சீவும் முன்பே உப்புத் தண்ணீரில் ஊறவைத்து நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள். அரைக்கிலோ காயின் தோல், ஒரு பிடி கொத்தமல்லித் தண்டு. வாணலியில் இரண்டு தேக்கரண்டி நல்லெண்ணெய் விட்டு இரண்டு மேசைக்கரண்டி உளுத்தம்பருப்பை வாசம் வரும்வரை சிவக்க வறுத்து, மூன்று வரமிளகாய், பெருங்காயம் சேர்த்துத் தனியே எடுங்கள். அதே எண்ணெயில் தோலைப் போட்டுச் சிறு தீயில், பச்சை வாசம் போய்ச் சுருளும்வரை வதக்க வேண்டும். இதில் அவசரப்பட்டால் துவையல் நாரடிக்கும். கொத்தமல்லித் தண்டைக் கடைசியில் போட்டு ஒரு புரட்டு. ஆறியதும் சுண்டைக்காய் அளவு புளி, உப்பு சேர்த்து, முதலில் தோலை அரைத்து, பருப்பைக் கடைசியில் போட்டுக் கொரகொரப்பாக எடுங்கள். தேங்காய் தேவையில்லை. சூடான சாதத்தில் பிசைந்தால் அன்றைக்குத் தனியாகப் பொரியல் வேண்டாம், காயை மறுநாள் கூட்டுக்கு வைத்துக்கொள்ளலாம்.

எரிவாயுவுக்கு ஒன்று: பருப்பை அரைமணி நேரம் ஊறவைத்துவிட்டு, குக்கரில் அடியில் பருப்பு, மேல் தட்டில் அரிசி, அதற்கு மேல் காய் என்று அடுக்கி ஒரே தடவையில் வேகவையுங்கள். விசில் வந்தபின் தீயைக் குறைப்பதும், அடங்கும்வரை திறக்காமல் விடுவதும் பலருக்குத் தெரியும். அவசரத்தில் யாரும் செய்வதில்லை. குடும்ப அட்டைக்குக் கிடைக்கும் துவரம்பருப்பை 30 ரூபாய் விலையில் தவறாமல் வாங்கிவிடுங்கள். உங்கள் கீரைப் பெட்டிக்கு ஏற்ற துணை அதுதான்.

மாமியார் விஷயம். சிறுநீரகக் கல்லில் அதிகம் காணப்படும் வகை கால்சியம் ஆக்சலேட்; கால்சியமும், கீரைகளில் இயற்கையாகவே இருக்கும் ஆக்சலேட் என்ற பொருளும் சேர்ந்து உண்டாவது. முளைக்கீரை, அரைக்கீரை, பசலை வகைகளில் ஆக்சலேட் அதிகம்; வெந்தயக்கீரையிலும் கொத்தமல்லியிலும் குறைவு. ஆகவே அவருக்கு வெந்தயக்கீரை, உங்களுக்கு மற்றவை என்று பிரித்துக்கொள்ளலாம். எல்லாருக்கும் சேர்த்து முளைக்கீரை சமைக்கிற நாளில், நிறையத் தண்ணீரில் கொதிக்கவிட்டு அந்தத் தண்ணீரை வடித்துவிடுங்கள். ஆக்சலேட்டில் ஒரு பகுதி அதோடு போய்விடும். வடித்த தண்ணீரை அவருக்கு ரசம் வைக்க வேண்டாம். மதியச் சாப்பாட்டில் அவருக்குத் தயிரும் இருக்கட்டும். அதிலுள்ள கால்சியம் ஆக்சலேட்டைக் குடலிலேயே பிடித்துக்கொள்ளும். நாள் முழுக்கத் தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். அவருக்கு வந்தது எந்த வகைக் கல், இப்போது என்ன மருந்து என்பதைப் பொறுத்துக் கீரையின் அளவு மாறும். பழைய ஸ்கேன் அறிக்கையோடு மருத்துவரை ஒருமுறை கேட்டுவிட்டுப் பெட்டிகளில் எதை விதைப்பது என்று முடிவு செய்யுங்கள்.