மால்டாவின் மார்சஷ்லோக் மீனவர் ஊருக்குப் போனால் அமைதி கிடைக்குமா, கடலில் குளிக்கலாமா?

கிடைக்கும், ஞாயிற்றுக்கிழமையைத் தவிர்த்தால். அன்று கரை நெடுக மீன் சந்தை கூடுவதால், தலைநகர் வாலெட்டாவிலிருந்து வரும் பஸ்களில் நிற்கக்கூட இடம் இருக்காது. வார நாளில் காலையிலேயே போய்விடுங்கள்.

அங்கே நின்று பார்க்க வேண்டியவை லுட்சு படகுகள். நீலம், மஞ்சள், சிவப்பு, பச்சை எனப் பட்டை பட்டையாக வண்ணம்; முகப்பின் இருபுறமும் ஒரு ஜோடி கண்கள். ஆபத்திலிருந்து அவை காக்கும் என்பது மீனவர்களின் நம்பிக்கை. ஆகஸ்ட் பிற்பகுதி முதல் லம்புக்கி மீன் காலம். பனையோலைகளைக் கடலில் மிதக்கவிட்டு, அந்த நிழலில் ஒதுங்கும் மீனை வலையால் வளைத்துப் பிடிக்கிறார்கள். எவ்வளவு நுட்பமான தொழில்! அந்த மாதங்களில் போனால் லம்புக்கியையே கேட்டுச் சாப்பிடுங்கள்.

ஊருக்குள் மணற்கரையைத் தேடாதீர்கள். சுமார் அரை மணி நேரம் நடந்தால் செயின்ட் பீட்டர்ஸ் பூல் என்ற பாறைக்குடா வரும். தண்ணீர் பளிங்கு போலத் தெளிவு, ஆனால் ஆழம். நீச்சல் தெரியாதவர்கள் இறங்கவே கூடாது. நிழலும் கிடையாது, குடிநீர் கட்டாயம்.

விரிகுடாவில் மின் நிலையமும் சரக்குத் துறைமுகமும் கண்ணில் படும். 1989 டிசம்பரில் அமெரிக்க அதிபர் ஜார்ஜ் எச். டபிள்யூ. புஷ்ஷும் சோவியத் தலைவர் கோர்பச்சேவும் கப்பலில் சந்தித்துப் பேசியதும் இதே விரிகுடாவில்தான்.