மாயா ஆய்வாளர்கள் வாழ்ந்த குடில்களில் தங்குவது வீண் செலவா?

கேள்வி: ஏப்ரல் விடுமுறையில் மெக்சிகோவின் யுகாத்தானுக்குப் போகிறோம். கான்குனில் அறை போட்டாகிவிட்டது. அங்கிருந்து பஸ்ஸில் ஒரே நாளில், மாயா மக்களின் பழைய நகரமான சிச்சென் இட்சாவைப் பார்த்துவிட்டுத் திரும்பலாம் என்கிறார் கணவர். எனக்கோ, அந்தக் காலத்துத் தொல்லியல் ஆய்வாளர்கள் வாழ்ந்த குடில்களில் தங்க வேண்டும் என்று ஆசை. கூட வரும் மாமியாருக்கு 70 வயது, முட்டிவலி உண்டு, முழுச் சைவம். கூடுதல் செலவுக்கு அது தகுமா?

பதில்: தகும். இரண்டு இரவு முடியாவிட்டால் ஒரே ஒரு இரவாவது தங்குங்கள். உங்கள் ஆசைக்காக மட்டும் சொல்லவில்லை. மாமியாரின் முட்டிக்கும் அதுதான் நல்லது.

கான்குனிலிருந்து சிச்சென் இட்சா ஏறக்குறைய 200 கிலோமீட்டர். போக இரண்டரை மணி நேரம், வரவும் அவ்வளவே. சுற்றுலா பஸ்கள் வந்து சேர்வதற்குள் பத்தரை, பதினொன்று ஆகிவிடும். ஏப்ரல், மே மாதங்கள்தான் யுகாத்தானில் வெயில் உச்சம். 35 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். அந்த நேரத்தில் பிரமிடுக்கு முன்னால் இருக்கும் வெட்டவெளியில் வயதானவரை நிறுத்துவது கொடுமை. குடிலில் தங்கினால், காலை 8 மணிக்குக் கதவு திறக்கும்போதே உள்ளே போகலாம். வெயில் ஏறுவதற்குள் திரும்பி வந்து மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்துவிடலாம். நீங்கள் கொடுக்கும் கூடுதல் காசு இந்த இரண்டரை மணி நேரத்துக்குத்தான்.

சரி, எந்தக் குடில்? இதில் பலர் ஏமாந்துவிடுகிறார்கள். தொல்லியல் தளத்தின் கிழக்குப் பக்கத்தில் அருகருகே சில விடுதிகள் இருக்கின்றன. மாயாலேண்ட் பழமையானது, அழகானது. ஆனால் அது தொடக்கத்திலிருந்தே பயணிகளுக்கான விடுதி. ‘வில்லாஸ் ஆர்கியோலோகிகாஸ்’ என்று இன்னொன்றும் உண்டு. பெயரில் தொல்லியல் இருக்கிறதே தவிர, அது பிற்காலக் கட்டடம். நீங்கள் தேடுவது அசியெண்டா சிச்சேன். அசியெண்டா என்றால் பெரிய பண்ணை. அந்தப் பண்ணைத் தோட்டத்துக்குள் தனித்தனியாக நிற்கும் ஒற்றைத் தள வீடுகள்தான் 1920களில் ஆய்வாளர்களுக்காகக் கட்டப்பட்டவை. முன்பதிவு செய்யும்போது, “பழைய குடில்களில் ஒன்றுதானா?” என்று கேட்டு மின்னஞ்சலில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். படியேறத் தேவையில்லாத அறை வேண்டும் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.

அங்கே யார் இருந்தார்கள் என்று தெரிந்துகொண்டு போனால்தான் அந்த வீடுகள் உங்களோடு பேசும். பண்ணையின் கதை ஸ்பானியர் காலத்தில் தொடங்குகிறது. மாயாக் கட்டடங்களின் கற்களைப் பெயர்த்து எடுத்தே அதைக் கட்டினார்கள். 1842இல் அமெரிக்கப் பயண எழுத்தாளர் ஜான் லாயிட் ஸ்டீஃபன்ஸ், ஓவியர் ஃபிரெடரிக் கேதர்வுட் இருவரும் இங்கே தங்கித்தான் இடிபாடுகளை எழுதியும் வரைந்தும் வைத்தார்கள். 1847இல் மாயா மக்களின் பெரும் கிளர்ச்சி வெடித்தது. அதற்குப் பிறகு பண்ணை பாழடைந்து கிடந்தது. 1894இல் அமெரிக்கத் தூதரக அதிகாரி எட்வர்ட் தாம்சன் அதை விலைக்கு வாங்கினார். இடிபாடுகள் நின்ற நிலமும் அதோடு சேர்ந்தே அவர் கைக்குப் போனது.

மாயா மக்கள் காணிக்கை போட்ட புனிதக் கேணியைத் தாம்சன் தூர்வாரி, பொன்னும் பச்சைக்கல்லும் மனித எலும்புகளுமாக எடுத்தவற்றை ஹார்வர்டின் பீபாடி அருங்காட்சியகத்துக்கு அனுப்பினார். 1926இல் மெக்சிகோ அரசு பண்ணையைப் பறிமுதல் செய்தது. அவர் இறந்து ஒன்பது ஆண்டு கழித்து, 1944இல், மெக்சிகோ உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. வாரிசுகளிடமிருந்து விடுதி முதலாளி ஃபெர்னாண்டோ பர்பச்சானோ பண்ணையை வாங்கினார். கேணிப் பொருள்களில் ஒரு பகுதி 1970களில் மெக்சிகோவுக்குத் திரும்பியது. சட்டம் என்ன சொன்னாலும், ஒரு மக்கள் தங்கள் தெய்வத்துக்குப் போட்ட காணிக்கையைக் கப்பலேற்றியது தவறு என்றே நான் நினைக்கிறேன். கேணிக்கரையில் நிற்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இனி குடில்களின் காலத்துக்குத் திரும்புவோம். பறிமுதலுக்கு முன்பே, 1923இல், கார்னகி என்ற அமெரிக்க ஆய்வு நிறுவனம் மெக்சிகோ அரசிடம் அனுமதி பெற்றது. தொல்லியலாளர் சில்வேனஸ் மோர்லி தலைமையில் ஆய்வுக் குழு இந்தப் பண்ணையில் குடியேறி, 1930களின் இறுதி வரை ஆண்டுதோறும் வந்து வேலை செய்தது. ஏர்ல் மோரிஸும் அவர் மனைவி ஆன் ஆக்ஸ்டெல் மோரிஸும், ஓவியர் ழான் ஷார்லோவும் போர்வீரர் கோயிலில் உழைத்தார்கள். உதிர்ந்துகொண்டிருந்த சுவரோவியங்களை ஆனும் ஷார்லோவும் படியெடுத்தார்கள். பல ஓவியங்கள் இன்று அந்தப் பிரதிகளில்தான் பிழைத்திருக்கின்றன. அந்தக் கோயிலுக்கு அடியில் புதைந்திருந்த பழைய கோயிலில், 1928இல், நீலப் பச்சைக்கல் பதித்த வட்டத் தகடு ஒன்றை ஏர்ல் மோரிஸ் கண்டெடுத்தார். பிற்காலத்தில் மாயா ஆய்வில் பெரும் பெயரெடுத்த எரிக் தாம்சனும் (எட்வர்ட் தாம்சனுக்கு உறவில்லை) இளைஞராக இங்கேதான் வேலைக்குச் சேர்ந்தார்.

பகலெல்லாம் சுண்ணாம்புப் புழுதியில் நின்றவர்கள் மாலையில் குளித்துவிட்டு உட்கார்ந்த தாழ்வாரம் நம் ஊர்த் திண்ணை மாதிரிதான். கற்களைச் சுமந்த மாயாத் தொழிலாளர்களோ பிஸ்தே போன்ற பக்கத்து ஊர்க்காரர்கள். அவர்களுடைய ஓலை வீடுகளை யாரும் நினைவுச் சின்னமாக்கவில்லை. ஆனால் அவர்கள் வம்சம் இன்றும் அங்கேதான் இருக்கிறது, வீட்டில் மாயா மொழி பேசுகிறது. உள்ளூர் வழிகாட்டி வைத்துக்கொள்வதானால் அவர்களில் ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், பார்க்கும் வரிசை. பெரிய பிரமிடையும் பந்தாட்டக் களத்தையும் சீரமைத்தவர்கள் மெக்சிகோ ஆய்வாளர்கள். குடில்வாசிகள் வேலை செய்த இடங்கள் வேறு: கார்ல் ரூப்பர்ட் ஆராய்ந்த எல் கரகோல் என்ற வட்ட வடிவ வானோக்கு நிலையம், ஜான் போல்ஸ் தோண்டிய லாஸ் மோன்ஹாஸ் என்ற கட்டடத் தொகுதி, போர்வீரர் கோயில், அதை ஒட்டிய ஆயிரம் தூண்கள். விடுதிகள் பக்கம் இருக்கும் வாசல் திறந்திருந்தால், கரகோலுக்கு அதுதான் கிட்டத்து வழி. அந்த வாசல் எல்லா நாளும் எல்லோருக்கும் திறந்திருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். முதல் நாள் மாலையே வரவேற்பறையில் கேளுங்கள். மூடியிருந்தால் காரிலோ டாக்சியிலோ பிரதான வாசலுக்குப் போய்விடலாம். மத்திய அரசுக்கு ஒன்று, மாநிலத்துக்கு ஒன்று என இரண்டு கட்டணம் கட்ட வேண்டும். இரண்டு சீட்டையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

பிரமிடு ஏறப் பல வருடங்களாகவே தடை இருப்பதால், முட்டிவலிக்காரர் எதையும் இழக்கப் போவதில்லை. தரை பெரும்பாலும் சமதளம்தான். ஆனால் கேணிக்குப் போகும் பழைய மாயாப் பாதை 300 மீட்டர் அளவுக்கு நீளும். மாமியாருக்கு அசதியாக இருந்தால் அதை விட்டுவிடலாம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேண்டாம். மெக்சிகோ மக்களுக்கு அன்று இலவச அனுமதி, கூட்டம் நெரியும்.

சைவம் பற்றி ஒரு எச்சரிக்கை. கறுப்புப் பயறு மசியல் எங்கும் கிடைக்கும், பார்க்கச் சைவம்தான், ஆனால் பன்றிக் கொழுப்பில் தாளித்திருக்க வாய்ப்பு அதிகம். “சின் மான்தேகா” (கொழுப்பு இல்லாமல்) என்று சொல்லிக் கேளுங்கள். சிகில் பாக் என்று ஒன்று உண்டு: வறுத்த பூசணி விதையும் சுட்ட தக்காளியும் சேர்த்து அரைப்பது. சோளத் தோர்த்தியாவோடு (தட்டை ரொட்டி) தொட்டுச் சாப்பிட்டால் நம் துவையல் போலவே இருக்கும். மாமியாருக்கு நிச்சயம் பிடிக்கும். சாயா என்ற கீரையை வேகவைத்ததாக மட்டும் சாப்பிடுங்கள், பச்சையாக ஆகாது.

கடைசியாகக் கடிகாரம். கான்குன் இருக்கும் கின்டானா ரோ மாநிலம் யுகாத்தானைவிட ஒரு மணி நேரம் முன்னால் ஓடுகிறது. போகும்போது ஒரு மணி நேரம் லாபம். திரும்பும்போது அதே ஒரு மணி நேரம் கையை விட்டுப் போகும். குடிலிலிருந்து நேராக விமானம் பிடிப்பதாக இருந்தால், கான்குன் நேரத்தை வைத்துக் கிளம்புங்கள்.