ஆரிகன் சட்டம் எதை அனுமதிக்கிறது?

கேள்வி: அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் நோயாளி கேட்டுக்கொண்டால் மருத்துவரே உயிரை முடித்துவைக்கலாம் என்கிறார்களே, உண்மையா? – வாசகர், காரைக்குடி

பதில்: உண்மையில்லை. 1994-இல் மக்கள் வாக்கெடுப்பில் நிறைவேறி, வழக்கால் தடைபட்டு, 1997-இல் நடைமுறைக்கு வந்த அச்சட்டம், உயிர்முடிக்கும் மருந்தை எழுதித்தர மட்டுமே மருத்துவரை அனுமதிக்கிறது. அவர் ஊசி போட்டு உயிரைப் போக்க அங்கும் அனுமதியில்லை. 18 வயது நிரம்பி, தானே முடிவெடுக்கும் தெளிவோடு இருக்கும் ஒருவர், தீராத நோயால் 6 மாதத்துக்குள் இறந்துவிடுவார் என்று 2 மருத்துவர்கள் உறுதிசெய்த பிறகே, வாய்மொழியாக இருமுறையும் எழுத்தில் ஒருமுறையும் கேட்டு, மருந்தைப் பெற்றுத் தானே உட்கொள்ளலாம். வாய்மொழிக் கோரிக்கைகளுக்கு நடுவே 15 நாள் இடைவெளி வேண்டும் என்ற விதி, அதுவரை உயிர் தாங்காதவர்களுக்கு 2020 முதல் தளர்த்தப்பட்டிருப்பது நியாயமே. எழுத்துக் கோரிக்கைக்குக் கையெழுத்திடும் 2 சாட்சிகளில் ஒருவராவது உறவினராகவோ சொத்துக்கு வாரிசாகவோ இல்லாதவராக இருக்க வேண்டும் என்பதையே நான் இதில் மிக அவசியமான காவலாகக் கருதுகிறேன்.