சட்ட நிறுவனப் பட்டியலை எப்படிப் படிப்பது? சுங்கை சிப்புட் தந்தை ஒருவருக்குப் பதில்

ஐயா, வணக்கம்.

பயிற்சி வழக்கறிஞராகச் சேர உங்கள் மகளுக்கு இரண்டு இடங்களிலிருந்து அழைப்பு வந்திருப்பதில் எனக்கும் மகிழ்ச்சி. ஒன்று கோலாலம்பூரில் நூறு வழக்கறிஞர்களுக்கு மேல் உள்ள நிறுவனம். மற்றொன்று ஈப்போவில் பன்னிரண்டு பேர் வேலை செய்யும் அலுவலகம். வட்டாரத்தின் பெரிய சட்ட நிறுவனங்களை வரிசைப்படுத்திய ஒரு பட்டியலையும் அனுப்பி, "இதில் மேலே இருப்பதில்தானே சேர வேண்டும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஆறாம் ஆண்டு யு.பி.எஸ்.ஆர். தேர்வுக் காலத்தில் 7ஏ, 8ஏ என்று எண்ணிப் பழகியவர்கள் நாம். எதையும் வரிசையில் நிறுத்திப் பார்க்காவிட்டால் நமக்குத் தூக்கம் வராது.

ஆனால் இந்தப் பட்டியலைப் போட்டவர்கள் உங்கள் மகளை நினைத்துப் போடவில்லை. வங்கிகளும் பெரிய கம்பெனிகளும் தங்கள் வேலையை யாரிடம் கொடுக்கலாம் என்று பார்ப்பதற்காகப் போட்டது அது. நிறுவனங்கள் ஒன்றையொன்று அளந்துகொள்ளவும் அது பயன்படுகிறது. எத்தனை பேர், எவ்வளவு வருமானம், எந்தத் துறை என மூன்று பத்திகள் அதில் இருக்கின்றன. உங்களுக்கு உதவக்கூடியது மூன்றாவது பத்திதான். அதிலும் அச்சில் வராத ஒரு விவரம் இருக்கிறது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் ஆள் கணக்கு. தீபகற்ப மலேசியாவில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட வழக்கறிஞர்கள் தொழில் செய்கிறார்கள். அவர்கள் நடத்தும் நிறுவனங்களில் பெரும்பான்மை ஐந்து பேருக்கு உட்பட்டவை. தனி ஆளாக அலுவலகம் நடத்துபவர்களும் ஏராளம். நம் ஊர்க் கடைவரிசையின் மாடியில் பெயர்ப்பலகை தொங்கவிட்டிருப்பவர்கள் இந்தப் பெரும்பான்மையைச் சேர்ந்தவர்கள். மறுமுனையில் 1905இல் தொடங்கிய ஷெர்ன் டெலமோர், 1963இல் தொடங்கிய ஸ்கிரைன் போன்ற பழைய பெயர்கள் இருக்கின்றன. மலேசியாவில் 'மிகப் பெரியது' என்றால் நூறு வழக்கறிஞர்களை ஒட்டியோ அதற்குச் சற்று மேலோ என்றுதான் பொருள். அமெரிக்காவில் ஆயிரக்கணக்கில் வழக்கறிஞர்களை வைத்திருக்கும் நிறுவனங்களோடு இதை ஒப்பிட வேண்டாம்.

உங்கள் பட்டியலில் சில பெயர்களுக்கு எதிரே மட்டும் எண் திடீரென்று பெருத்திருப்பதைக் கவனித்தீர்களா? அவை கூட்டணிகள். சிங்கப்பூரின் ராஜா அண்ட் தான், தென்கிழக்காசிய நாடுகளின் நிறுவனங்களைத் தன் பெயரின் கீழ் இணைத்திருக்கிறது. மலேசியாவில் அதன் உறுப்பினர் கிறிஸ்டோபர் அண்ட் லீ ஓங். வோங் அண்ட் பார்ட்னர்ஸ், சிகாகோவில் 1949இல் பிறந்த பேக்கர் மெக்கென்சியின் உறுப்பு நிறுவனம். சிங்கப்பூரின் ஆலன் அண்ட் கிளெட்ஹில்லுடன் ரஹ்மாட் லிம் இணைந்து செயல்படுகிறது. வெளிநாட்டு நிறுவனங்கள் இங்கே நேரடியாகக் கடை திறக்கச் சட்டம் வெகுகாலம் இடம் கொடுக்கவில்லை. அதனால் வளர்ந்த ஏற்பாடு இது. 2014இல் நடைமுறைக்கு வந்த திருத்தம் கதவைக் கொஞ்சம் திறந்தது. 2015இல் இங்கிலாந்தின் டிரவர்ஸ் அண்ட் ஹாம்லின்ஸ் முதல் உரிமத்தைப் பெற்றது. அப்படி வருகிறவர்களும் நம் நீதிமன்றங்களில் வாதாட முடியாது. வீடு, நிலப் பெயர் மாற்ற வேலையையும் தொட முடியாது. ஆகவே பட்டியலில் ஆயிரம் பேர் என்று போட்டிருந்தாலும், மகளுக்குச் சம்பளச் சீட்டு கொடுக்கப்போவது கோலாலம்பூரில் இருக்கும் உள்ளூர் நிறுவனம்தான். அங்கே எத்தனை பேர் என்பதுதான் உங்களுக்கு வேண்டிய எண்.

கூட்டணி எண்ணை நம்பி முடிவெடுப்பதில் இன்னோர் ஆபத்தும் இருக்கிறது. டென்டன்ஸ் என்ற பன்னாட்டு நிறுவனம் 2015இல் சீனாவின் தாச்செங்குடன் இணைந்து, ஆள் கணக்கில் உலகிலேயே மிகப் பெரியதானது. 2023இல் அந்தச் சீன நிறுவனம் பிரிந்துபோனது. ஒரே அறிவிப்பில் ஆயிரக்கணக்கானோர் கணக்கிலிருந்து மறைந்தார்கள். மற்ற நாடுகளில் உட்கார்ந்திருந்த டென்டன்ஸ் வழக்கறிஞர்களின் மேசையில் எந்த மாற்றமும் இல்லை.

அடுத்தது வருமானம். அமெரிக்காவில் இந்தத் தொழிலுக்கென்றே நடக்கும் பத்திரிகை, 1980களிலிருந்து பெரிய நிறுவனங்களின் வருமானத்தைக் கணக்கிட்டு வெளியிட்டு வருகிறது. அங்குள்ள கிர்க்லாண்ட் அண்ட் எல்லிஸ் என்ற நிறுவனம் 2023இல் 7 பில்லியன் டாலருக்கு மேல் ஈட்டியது என்று நமக்குத் தெரிவது அதனால்தான். மலேசியாவில் நிலைமை வேறு. இங்குள்ள சட்ட நிறுவனங்கள் கூட்டாளிகள் சேர்ந்து நடத்துபவை. பங்குச் சந்தைக் கம்பெனிகளைப் போல ஆண்டுக் கணக்கைப் பொதுவில் வைக்கும் கடமை அவற்றுக்கு இல்லை. எனவே மலேசிய நிறுவனத்தின் பெயருக்கு எதிரே வருமானம் என்று ஓர் எண்ணைப் பார்த்தால், அது எங்கிருந்து வந்தது என்று முதலில் கேளுங்கள். பெரும்பாலும் கூட்டணி முழுவதின் தொகையாக இருக்கும், இல்லையென்றால் யாரோ ஒருவரின் மதிப்பீடாக இருக்கும்.

உண்மையான எண்ணே கிடைத்தாலும் மொத்தத் தொகை அதிகம் சொல்லாது. ஏக்கர் கூடிய தோட்டத்தில் மரத்துக்கு மரம் பாலும் கூடும் என்று எந்தப் பால்மரத் தொழிலாளியும் சொல்லமாட்டார். நூறு பேர் சேர்ந்து 60 மில்லியன் ரிங்கிட் ஈட்டும் நிறுவனத்தையும், இருபது பேர் 16 மில்லியன் ஈட்டும் நிறுவனத்தையும் கற்பனை செய்துகொள்ளுங்கள். முன்னதில் தலைக்கு ஆறு லட்சம், பின்னதில் எட்டு லட்சம். நியூயார்க்கில் வாக்டெல் லிப்டன் என்று ஒரு நிறுவனம் இருக்கிறது. ஒரே அலுவலகம், முந்நூறுக்கும் குறைவான வழக்கறிஞர்கள். ஆனால் ஒரு கூட்டாளிக்குக் கிடைக்கும் இலாபத்தில் அது ஆண்டுதோறும் முன்வரிசையில் நிற்கிறது. கம்பெனிகளை வாங்குவது, விற்பது, இணைப்பது என்ற ஒரு வேலையில் அது ஊறிப்போனதே காரணம்.

நம் ஊர்க் கணக்கும் உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும். 2023இல் வந்த கட்டண ஆணைப்படி, வீட்டின் விலையில் முதல் ஐந்து லட்சம் ரிங்கிட்டுக்கு வழக்கறிஞர் கட்டணம் 1.25 விழுக்காடு. தாமானில் நான்கு லட்சத்துக்கு ஒரு வீடு கைமாறினால் 5,000 ரிங்கிட். இதோடு வங்கிக் கடன் ஒப்பந்தம், உயில், சாலை விபத்து இழப்பீடு. சிறிய அலுவலகங்கள் இவற்றில்தான் வாழ்கின்றன, பல நன்றாகவே வாழ்கின்றன. கோலாலம்பூர்ப் பெயர் இருந்தால்தான் சோறு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இனி மூன்றாவது பத்தி, துறை. இதில் கொஞ்ச நேரம் நிற்கலாம்.

பெரிய நிறுவனங்கள் தங்களை முழுச் சேவை நிறுவனங்கள் என்று சொல்லிக்கொண்டாலும் ஒவ்வொன்றுக்கும் பேர் வாங்கிக் கொடுத்த துறை ஒன்றிரண்டுதான். ஷெர்ன் டெலமோர் என்றால் தொழிலாளர் சட்டமும் அறிவுசார் சொத்துரிமையும் நினைவுக்கு வரும். அஸ்மான் டேவிட்சன் என்றால் கட்டுமான வழக்குகள். அட்னான் சுந்தரா அண்ட் லோவுக்குக் கடன் பத்திரங்களும் இஸ்லாமிய நிதியும். இஸ்லாமிய நிதி என்றதும் "அது நம் பிள்ளைகளுக்கு ஆகாது" என்று நினைக்கும் பெற்றோரைப் பார்க்கிறேன். தவறான எண்ணம். ஷரியா நீதிமன்றத்தில் வாதாடுவது வேறு, சுக்குக் எனப்படும் இஸ்லாமியக் கடன் பத்திரங்களைத் தயாரிப்பது வேறு. பின்னது சிவில் சட்ட வழக்கறிஞர்களின் வேலை. அதில் வரும் தகராறுகளும் சிவில் உயர் நீதிமன்றத்துக்கே போகின்றன. மலேசியா உலக அளவில் பேர் வாங்கிய துறை அது. எந்த மதத்தவரும் அதில் உழைக்கலாம்.

நான் சொல்வதாகச் சொன்ன விவரத்துக்கு வருகிறேன். துறையின் பெயரைப் பட்டியல் போடும். அந்தத் துறையில் யாருக்காக வாதாடுகிறார்கள் என்பதைப் போடாது. 'தொழிலாளர் சட்டம்' என்ற சொல்லைப் பார்த்ததும் உங்கள் மகளின் முகம் மலர்ந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். தாத்தா ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர், பாட்டி களை எடுத்தவர் என்னும் குடும்பத்துப் பெண்ணுக்கு அது இயல்பு. ஆனால் பெரிய நிறுவனங்களின் தொழிலாளர் சட்டப் பிரிவுகள் பெரும்பாலும் நிர்வாகத்தின் பக்கம் நிற்பவை. கட்டணம் கொடுக்க முடிந்தவர் முதலாளி. வேலை நீக்கப்பட்டவருக்காக வாதாடுவது தொழிற்சங்கங்களும் சிறிய அலுவலகங்களும்தான். 60 நாட்களுக்குள் முறையிட வேண்டும் என்பதுகூடத் தெரியாமல் உரிமையை இழந்தவர்கள் நம் தோட்டங்களில் எத்தனையோ பேர்.

நில விவகாரமும் இப்படித்தான். உங்கள் சுங்கை சிப்புட்காரரான அமைச்சர் துன் சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது, தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்றதால் வீடும் வேலையும் ஒரே நாளில் பறிபோன மக்களுக்காக. இன்றும் தோட்ட நிலம் கைமாறும்போது வாங்குபவருக்கு ஒரு வழக்கறிஞர், கடன் கொடுக்கும் வங்கிக்கு ஒருவர், தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தில் குடியிருப்பவருக்கு ஒருவர் வேண்டியிருக்கிறது. முதல் இரண்டு வேலையும் பெரிய நிறுவனத்துக்குப் போகும். மூன்றாவது அங்கே போகாது. போனாலும், வங்கி ஏற்கெனவே தன் கட்சிக்காரராக இருந்தால் அந்த நிறுவனம் கைவைக்க முடியாது.

முதலாளி பக்கம் வாதாடுவது பாவம் என்று நான் சொல்லவில்லை. எதிர்த் தரப்பின் கணக்கைக் கற்றுக்கொண்டு பிறகு இந்தப் பக்கம் வந்தவர்கள் இருக்கிறார்கள். எந்தப் பக்கம் உட்காரப்போகிறோம் என்பதை நாற்காலியில் உட்காரும் முன்பே மகள் தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

பயிற்சிக் காலம் ஒன்பது மாதம். குறைந்தது ஏழாண்டு தொழில் செய்த வழக்கறிஞர் ஒருவரின் கீழ் அது நடக்க வேண்டும். மூன்று மாதம் முடிந்ததும் 'ஷார்ட் கால்' அனுமதி பெற்றால் சில விசாரணைகளில் தானே எழுந்து பேசலாம். ஈப்போ அலுவலகத்தில் அந்த வாய்ப்பு வாரந்தோறும் வரக்கூடும். பெரிய நிறுவனத்தின் வணிகப் பிரிவில் அமர்ந்தால் ஒன்பது மாதமும் ஒப்பந்தங்களைத் திருத்துவதிலேயே போகலாம். இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். பெரிய இடத்தில் பழகியவர் பின்னர் சிறிய இடத்துக்கு வருவது சுலபம். ஈப்போவில் தொடங்கியவர் கோலாலம்பூரின் வணிகப் பிரிவுக்குள் நுழைவது கடினம்.

எனவே மகளை நான்கு கேள்விகள் எழுதி இரண்டு இடத்துக்கும் அனுப்பச் சொல்லுங்கள். என் பயிற்சியாளர் யார், அவர் எந்தப் பிரிவு? பிரிவு மாற்றி உட்கார இடமுண்டா? போன ஆண்டு பயிற்சி முடித்தவர்களில் எத்தனை பேரை வேலையில் வைத்துக்கொண்டீர்கள்? பயிற்சி உதவித்தொகை எவ்வளவு, எந்தத் தேதியில் வரும்? மூன்றாவது கேள்விக்குச் சுற்றி வளைத்துப் பதில் வந்தால் அதுவும் ஒரு பதில்தான்.

என் கருத்தைக் கேட்டால் இப்படிச் சொல்வேன். உங்கள் மகளுக்கு நீதிமன்றத்தில்தான் ஆசை. கோலாலம்பூர் நிறுவனம் வழக்குப் பிரிவிலோ தொழிலாளர் பிரிவிலோ இடம் தருவதாக எழுத்தில் சொன்னால் அங்கே போகட்டும். வணிகப் பிரிவு மட்டும்தான் என்றால் ஈப்போவே மேல், பட்டியலில் அதன் பெயர் இல்லாவிட்டாலும். ஈப்போ என்றால் வீட்டிலிருந்தே போய்வரலாம் என்பதால் வாடகைக் கவலையும் இல்லை. கோலாலம்பூர் என்றால் அறை முன்பணம், இரண்டு மாதச் சாப்பாடு, போக்குவரத்துச் செலவு, நீதிமன்றத்துக்கு வேண்டிய கறுப்பு உடை ஆகியவற்றுக்கு இப்போதே பணம் ஒதுக்கி வையுங்கள். முதல் உதவித்தொகை வரும்வரை செலவு உங்கள் கையிலிருந்துதான். பயிற்சிக் காலத்தில் வேறு சம்பள வேலை பார்க்கலாம் என்ற எண்ணமும் வேண்டாம். அனுமதி இல்லாமல் அது கூடாது.

படிவம் ஐந்தில் இருக்கும் இளையவனும் அக்காவைப் பார்த்து வக்கீலாக வேண்டும் என்கிறான் என்று எழுதியிருந்தீர்கள். அவனுக்கு இப்போதைக்கு இரண்டு விஷயம் போதும். எஸ்.பி.எம். மலாய் மொழியில் கிரெடிட் வாங்கத் தவறக்கூடாது. அது இல்லாமல் பின்னால் வழக்கறிஞராகப் பதிவதில் சிக்கல் வரும். மலாயாப் பல்கலைக்கழகம், தேசியப் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் சட்டம் படித்தால் சி.எல்.பி. என்னும் வழக்கறிஞர் தகுதித் தேர்வு எழுத வேண்டியதில்லை. தனியார் கல்லூரி வழியாக இங்கிலாந்துப் பட்டம் வாங்கினால் அந்தத் தேர்வையோ இங்கிலாந்து வழக்கறிஞர்களுக்கான பார் தேர்வையோ தாண்டியாக வேண்டும். அதன் செலவையும் காலத்தையும் கல்லூரி விளம்பரத்தில் எழுதமாட்டார்கள். படிவம் ஆறு படித்து எஸ்.டி.பி.எம். எழுதும் வழியைப் பற்றிப் பேச அவனை என்னிடம் அனுப்புங்கள். மகளின் நான்கு கேள்விகளுக்குப் பதில் வந்ததும் அவற்றையும் கையில் கொடுத்தனுப்புங்கள், சேர்ந்து பார்த்துவிடலாம்.