உயிருள்ள எலியைப் பாம்போடு இரவு முழுக்க விட்டுவைக்கலாமா?

கேள்வி: கோலாலம்பூர் செந்தூலில் அடுக்குமாடி வீட்டில் ஒரு பால் பைத்தான் (ball python) மலைப்பாம்பு வளர்க்கிறேன். மூன்று வாரமாக இரையைத் தொடவில்லை. கடையில் உயிருள்ள எலி வாங்கி உள்ளே விட்டேன். ஒரு மணி நேரம் ஆகியும் பாம்பு அசையவில்லை. இராத்திரி முழுக்க விட்டுவைத்தால் தானாகப் பிடிக்கும் என்கிறார் கடைக்காரர். விடலாமா?

பதில்: விடாதீர்கள் தம்பி. எலி இன்னும் உள்ளே இருந்தால் முதலில் அதை வெளியே எடுத்துவிட்டு மீதியைப் படியுங்கள்.

இரை வேண்டாம் என்று இருக்கும் பாம்பு எலியை எதிர்க்காது, சுருண்டு கிடக்கும். எலிக்கோ பசியும் தாகமும் ஏறும், தப்பிக்கவும் வழியில்லை. அது பாம்பின் முதுகைக் கொறிக்கத் தொடங்கும். சதையைத் தாண்டி முதுகெலும்பு வெளியே தெரியும் அளவுக்குக் கொறிக்கப்பட்ட பாம்புகள் உண்டு. கடித்தால் விலகிப் போகும் என்று நம்ப வேண்டாம். பல பாம்புகள் கடிபட்டபடியே கிடக்கும். காயத்தில் கிருமி ஏறினால் பிழைப்பதே கடினம். அந்த எலிக்கும் அது கொடுமையான இரவு.

மூன்று வாரம் சாப்பிடாததற்குப் பதற வேண்டாம். நன்கு வளர்ந்த, ஆரோக்கியமான பால் பைத்தான் சில மாதங்கள்கூட இரை எடுக்காமல் இருக்கும். வாரம் ஒருமுறை சமையல் தராசில் எடை பாருங்கள். எடை தொடர்ந்து இறங்கினாலோ, மூச்சில் சத்தம் வந்தாலோ, வாயில் சளி தெரிந்தாலோ ஊர்வனவற்றைப் பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் போங்கள். கண் பால்போல் மங்கியிருந்தால் தோலுரிக்கப் போகிறது. அதுவரை இரையே காட்டாதீர்கள். இன்னொன்று, இரவில் ஏர்கோன் ஓடும் அறையிலா பெட்டி இருக்கிறது? நம்மூர் வெயிலை நம்பி வெப்ப விளக்கோ வெப்பத் தகடோ வைக்காமல் விடுபவர்கள் பலர். பெட்டியின் ஒரு பக்கம் 31, 32 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் பசி எடுக்காது, தின்றாலும் கக்கிவிடும்.

இனி உறைந்த எலிக்குப் பழக்குங்கள். பாம்பின் உடலில் மிகப் பருமனான இடத்தின் அளவே எலி இருக்கட்டும். முதல் நாள் இரவே ஐஸ்பெட்டியின் கீழ்த்தட்டுக்கு மாற்றுங்கள். கொடுக்கும் முன் பையில் கட்டி, கை பொறுக்கும் சூட்டில் உள்ள நீரில் வையுங்கள். வயிற்றை அழுத்திப் பாருங்கள். நடுவில் கெட்டியாகவோ குளிராகவோ இருக்கக் கூடாது. மைக்ரோவேவ் கூடவே கூடாது, ஒரு பக்கம் வெந்து மறுபக்கம் உறைந்தே இருக்கும். பால் பைத்தானின் உதட்டோரக் குழிகள் வெப்பத்தை உணர்பவை. அதனால் எலியின் தலையை மட்டும் இன்னும் கொஞ்சம் சூடாக்கி, நீள இடுக்கியில் பிடித்து, விளக்கணைத்த பிறகு மெல்ல அசைத்துக் காட்டுங்கள். பிடிக்கவில்லையா, அது ஒளியும் இடத்தின் வாசலில் வைத்துவிட்டுப் படுக்கலாம். செத்த எலி கடிக்காது. ஆனால் நம் புழுக்கத்தில் சீக்கிரம் கெட்டுவிடும், எறும்பும் மொய்க்கும். விடிந்ததும் எடுத்து எறியுங்கள், மறுபடி உறைய வைக்காதீர்கள்.

பொறுமையாகப் பலமுறை முயன்றும் தொடாத பாம்புக்கு மட்டும், மருத்துவரைக் கேட்டு, உயிருள்ள இரை கொடுக்கலாம். சிறிய எலியாக, வயிறு நிறையத் தீனி தின்றதாக இருக்கட்டும். கையில் இடுக்கியோடு பக்கத்திலேயே நில்லுங்கள். பாம்பு சுற்றிப் பிடித்த பிறகும் எலியின் வாய் எந்தப் பக்கம் இருக்கிறது என்று கவனியுங்கள். கடிக்க முயன்றால் பல்லுக்கு நடுவே இடுக்கியைக் கொடுங்கள். பதினைந்து நிமிடத்தில் தாக்கவில்லை என்றால் எலியை எடுத்துவிடுங்கள்.

சாக்கடையோரம் பொறியில் சிக்கும் எலியை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் கொடுக்காதீர்கள். அது எலி மருந்து தின்றிருக்கலாம். அந்த நஞ்சு பாம்புக்கும் போகும். அதைக் கையாளும் உங்களுக்கோ எலிக்காய்ச்சல் ஆபத்து. கடை எலியானாலும் இரை கொடுத்த பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், இரண்டு நாள் பாம்பைத் தூக்காதீர்கள்.

பால் பைத்தான் வளர்க்க 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி பெர்ஹிலித்தான் (மலேசிய வனவிலங்கு, தேசியப் பூங்காத் துறை) தரும் உரிமம் தேவை. கடைக்காரர் இதைச் சொல்லியிருக்காவிட்டால் இந்த வாரமே போய் விசாரியுங்கள்.