பேரப்பிள்ளை பார்க்கும் வருடங்கள் பென்ஷனில் சேருமா?

கேள்வி: எனக்கு 61 வயது. 2019 மார்ச்சில் வேலையை விட்டேன். அன்றிலிருந்து மகள் வேலைக்குப் போக, பிள்ளைகளை நான்தான் பார்க்கிறேன். மூத்தவனுக்கு 7, சின்னவளுக்கு 4. பிரிட்டனில் அரசு ஓய்வூதியத்தைத் (ஸ்டேட் பென்ஷன்) தீர்மானிக்கும் நேஷனல் இன்சூரன்ஸ் (சம்பளத்திலிருந்து அரசுக்குக் கட்டும் சந்தா) பதிவில் எனக்கு 7 வருடங்கள்தான் நிறைந்திருக்கின்றன. 10 வருடம் இல்லாவிட்டால் ஸ்டேட் பென்ஷன் ஒரு சதமும் வராதாம். மிச்ச வருடங்களைக் காசு கட்டித்தான் நிரப்ப வேண்டுமா? (அம்மம்மா ஒருவர், ஹாரோ)

பதில்: இப்போதைக்குக் கட்டாதீர்கள். உங்களுக்கென்றே ஒரு வழி 2011 ஏப்ரல் 6 முதல் இருக்கிறது. ‘ஸ்பெசிஃபைட் அடல்ட் சைல்ட்கேர் கிரெடிட்’ என்பது அதன் பெயர். விண்ணப்பித்தால்தான் கிடைக்கும், தானாக வராது. அதனால்தான் உரிமை உள்ள பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் போகிறது.

12 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு சைல்ட் பெனிஃபிட் (பிள்ளை வளர்ப்போருக்கு அரசு தரும் உதவித்தொகை) எடுப்பவரின் பேரில் வாரத்துக்கு ஒரு நேஷனல் இன்சூரன்ஸ் கிரெடிட், அதாவது காசு கட்டாமலே கட்டியதாகக் கணக்கில் ஏறும் வாரம், பதிவாகும். உங்கள் மகளுக்கோ சம்பளத்திலேயே வருடம் நிறைந்துவிடுகிறது. அந்த கிரெடிட் அவருக்குப் பயன்படாமல் கிடக்கிறது. அதை உங்கள் பேருக்கு மாற்றித் தரும்படி கேட்பதுதான் இந்த விண்ணப்பம். மகளின் பென்ஷனும் குறையாது, சைல்ட் பெனிஃபிட் பணமும் குறையாது.

2019–20 முதல் 2024–25 வரை 6 வருடங்களும் ஏற்கப்பட்டால் உங்களுக்கு 13 வருடங்கள் ஆகும். 2025–26இல் முழு பென்ஷன் வாரம் 230.25 பவுண். முழுத்தொகைக்கு 35 வருடம் வேண்டும் என்பதால், அதை 35ஆல் வகுத்து 13ஆல் பெருக்குங்கள்: வாரம் சுமார் 85.50 பவுண். இன்றைய 7 வருடத்துக்கு வரக்கூடியது பூச்சியம். காசு கட்டி நிரப்புவதானால் 2025–26 விகிதப்படி வாரத்துக்கு 17.75, வருடத்துக்கு 923 பவுண். இலவசமாக நிறையக்கூடிய வருடத்துக்கு இவ்வளவு பணம் கட்டிவிடக் கூடாது என்பதற்காகத்தான் முதல் வரியிலேயே நிறுத்தச் சொன்னோம்.

ஒரு இடத்தில் மட்டும் கவனம். மகளின் பதிவையும் வருடம் வருடமாகத் திறந்து பாருங்கள். சின்னவள் பிறந்தபோது சம்பளமில்லாத விடுப்பு நீண்டு, அந்த வருடம் சம்பளத்தால் நிறையாமல் போயிருந்தால், அந்த வருடத்து கிரெடிட் மகளுக்கே தேவை. அதை உங்களுக்கு மாற்ற மாட்டார்கள். சொந்தத் தொழில் செய்யும் பெற்றோருக்கு இலாபம் குறைந்த வருடங்களிலும் இதே சிக்கல் வரலாம்.

கேள்வி: விண்ணப்பத்தை எப்படி நிரப்புவது? வாரத்துக்கு இத்தனை மணி நேரம் பார்த்ததாகக் காட்ட வேண்டுமா? (குராய்டன்)

பதில்: மணிக்கணக்கு இல்லை. பாடசாலை விட்டதும் கூட்டி வந்து, தாய் வரும்வரை வைத்திருந்தாலும் அது பார்த்த வாரம்தான். வாரத்துக்கு 20 மணி நேரக் கணக்கு கேட்பது ‘கேரர்ஸ் கிரெடிட்’. அது நோயாளிகளையும் மாற்றுத்திறனாளிகளையும் பராமரிப்போருக்கான வேறு திட்டம். இரண்டையும் குழப்பிக்கொண்டு, ‘எனக்குப் பொருந்தாது’ என்று விட்டுவிடாதீர்கள்.

படிவத்தின் எண் சி.ஏ.9176. அரசின் இணையதளத்தில் கிடைக்கும். நிரப்ப உட்காரும் முன் மேசையில் எடுத்து வையுங்கள்: உங்கள் நேஷனல் இன்சூரன்ஸ் எண், சைல்ட் பெனிஃபிட் எடுப்பவரின் நேஷனல் இன்சூரன்ஸ் எண், பிள்ளையின் முழுப்பெயர், பிறந்த தேதி, நீங்கள் பார்த்த காலத்தின் தொடக்க, முடிவுத் தேதிகள். தேதிகளை வரி வருடப்படி, அதாவது ஏப்ரல் 6 முதல் அடுத்த ஏப்ரல் 5 வரை, பிரித்து எழுதி வைத்துக்கொண்டால் குழப்பம் வராது. இடையில் இரண்டு மாதம் ஊருக்குப் போயிருந்தால் அந்த வாரங்களைச் சேர்க்காதீர்கள். கடைசியில் நீங்களும் கையொப்பமிட வேண்டும், சைல்ட் பெனிஃபிட் எடுப்பவரும் இட வேண்டும். பெனிஃபிட் மருமகன் பேரில் இருந்தால் மகளின் கையொப்பம் செல்லாது.

வருடம் முடிந்த கையோடு அனுப்பவும் கூடாது. அடுத்து வரும் அக்டோபர் 31க்குப் பிறகே அனுப்புங்கள். 2024–25க்கு 2025 அக்டோபர் 31, 2025–26க்கு 2026 அக்டோபர் 31. தாயின் வருடம் நிறைந்ததா என்று எச்.எம்.ஆர்.சி. (அரசின் வரித்துறை) பார்ப்பதற்கு அவரது சம்பளக் கணக்கு பதிவில் ஏறியிருக்க வேண்டும், அதற்காகத்தான் இந்தக் காத்திருப்பு. பழைய வருடங்களுக்கு அந்தத் தடை இல்லை. 2011 ஏப்ரல் வரை பின்னோக்கிப் போகலாம். அதற்கு முன் பார்த்த காலம் சேராது.

கேள்வி: நானும் மனைவியும் சேர்ந்தே இரண்டு பேரப்பிள்ளைகளையும் பார்க்கிறோம். ஆளுக்கொரு பிள்ளை என்று எடுக்கலாமா? (லெஸ்டர்)

பதில்: முடியாது. கிரெடிட் பிள்ளைகளின் எண்ணிக்கையைப் பொறுத்ததல்ல. சைல்ட் பெனிஃபிட் எடுப்பவர் ஒருவருக்கு வாரம் ஒன்றுதான். யாருக்குக் கொடுப்பது என்று அவர்தான் தீர்மானிக்க வேண்டும். உங்கள் இருவரில் யாருடைய பதிவில் ஓட்டை அதிகம் என்று பார்த்து அவருக்கு வாங்குங்கள். மகளின் பிள்ளைகளோடு மகனின் பிள்ளைகளையும் பார்ப்பவர்களானால் கதை வேறு. அவை இரண்டு தனி பெனிஃபிட்கள், எனவே ஒன்று உங்களுக்கு, மற்றது மனைவிக்கு. தாத்தா பாட்டி மட்டுமல்ல. சித்தி, பெரியம்மா, அத்தை, மாமா, 16 வயதைத் தாண்டிய அண்ணன் அக்கா ஆகியோரும் கேட்கலாம்.

கேள்வி: மருமகனுக்குச் சம்பளம் அதிகம் என்பதால் சைல்ட் பெனிஃபிட்டுக்கே விண்ணப்பிக்கவில்லை. எனக்கு கிரெடிட் கிடைக்குமா? (ஈஸ்ட் ஹாம்)

பதில்: பெனிஃபிட் பதிவு இல்லாத இடத்தில் மாற்றிக்கொள்ள கிரெடிட் இல்லை. நம்மவர்கள் அதிகம் இழப்பது இங்கேதான். ஒருவரின் வருமானம் 60,000 பவுணைத் தாண்டினால் பெனிஃபிட்டில் ஒரு பகுதியை வரியாகத் திருப்பிக் கட்ட வேண்டும், 80,000இல் முழுவதும் போய்விடும். அதனால் ‘எதற்கு விண்ணப்பம்’ என்று விட்டுவிடுகிறார்கள். விண்ணப்பித்துவிட்டு, ‘பணம் வேண்டாம்’ என்ற தெரிவைக் குறியுங்கள். வரியும் வராது, கிரெடிட்டும் பதிவாகும். இன்றே செய்யச் சொல்லுங்கள், ஏனென்றால் பெனிஃபிட்டை 3 மாதங்களுக்கு மேல் பின்தேதியிட மாட்டார்கள்.

தாய் வேலைக்குப் போகாமல் வீட்டில் பிள்ளை பார்க்கும் குடும்பமானால் விண்ணப்பம் தாயின் பேரில் இருக்கட்டும். ஏற்கெனவே தகப்பன் பேரில் இருந்தால் சி.எஃப்.411ஏ என்ற படிவத்தால் கிரெடிட்டைத் தாய்க்கு மாற்றலாம்.

கேள்வி: எனக்கு 35 வருடம் நிறைந்துவிட்டது. இன்னும் கேட்க வேண்டுமா? (சட்டன்)

பதில்: உங்களுக்கு எவ்வளவு வரும் என்று அரசு காட்டும் பென்ஷன் முன்கணிப்பைப் பாருங்கள். முழுத்தொகை காட்டினால் தேவையில்லை. 2016 ஏப்ரலுக்கு முன் ‘கான்ட்ராக்டட் அவுட்’ ஆன (வேலையிடப் பென்ஷனுக்காக நேஷனல் இன்சூரன்ஸ் குறைத்துக் கட்டிய) வேலையில் இருந்தவர்களுக்கு 35 வருடம் இருந்தும் தொகை குறைவாகக் காட்டலாம். அவர்கள் 2016–17 முதலான வெற்று வருடங்களுக்குக் கேட்பது நல்லது.

கேள்வி: யாழ்ப்பாணத்திலிருந்து அம்மா ஆறு மாத விசிட் விசாவில் வந்து பிள்ளையைப் பார்க்கிறா. அவவுக்கு இது உண்டா? (ஹவுன்ஸ்லோ)

பதில்: இல்லை. வழமையாக பிரிட்டனிலேயே வசிப்பவராகவும், பென்ஷன் வயதை எட்டாதவராகவும் இருக்க வேண்டும். வந்து போகிறவர் அதில் அடங்க மாட்டார். இங்கேயே வசிக்கும் உங்கள் மாமியாரோ தங்கையோ பிள்ளையை உண்மையில் பார்த்த வாரங்கள் இருந்தால், அந்த வாரங்களுக்கு அவர்கள் பேரில் விண்ணப்பியுங்கள்.