வாசகர் கேள்வி–பதில்: வறுமை ஒழிப்பை அளக்கக் கற்றல்

சென்ற இதழில், கிழக்கு ஆப்பிரிக்க ஆய்வாளர்களுக்கு வறுமை ஒழிப்புத் திட்டங்களை மதிப்பிடும் முறைகளைக் கற்றுத்தரும் ஆய்வு நல்கை ஒன்றைப் பற்றி அரைப் பக்கக் குறிப்பு வெளியிட்டிருந்தோம். அதையொட்டி வந்த கடிதங்களில் ஐந்து கேள்விகளுக்கு இங்கே விடையளிக்கிறோம்.

பொருளியல் முனைவர் பட்டம் பெற்று, பல ஆண்டு பாடம் நடத்தியவர்களை மறுபடியும் வகுப்பில் உட்கார வைத்து அப்படி என்ன கற்றுத்தருகிறார்கள்?
– கல்லூரி ஆசிரியை, பாளையங்கோட்டை

குறிப்பைப் படிக்காதவர்களுக்காக முதலில் ஒரு சுருக்கம். கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தைத் தலைமையிடமாகக் கொண்ட ‘செகா’ என்ற ஆய்வு மையம், கிழக்கு ஆப்பிரிக்கக் கல்வி நிறுவனங்களுடன் சேர்ந்து 2011-இல் ‘ஈஸ்ட்’ என்ற கூட்டமைப்பைத் தொடங்கியது. கென்யா, உகாண்டா, தான்சானியா, எத்தியோப்பியா, ருவாண்டா போன்ற நாடுகளிலிருந்து அதன் நல்கைக்குத் தேர்வு பெறும் ஆய்வாளர், ஒரு பருவகாலம் பெர்க்லியில் தங்கி வகுப்புகளில் அமர்ந்து, ஒரு பேராசிரியரின் வழிகாட்டலில் தம் நாட்டுத் திட்டம் ஒன்றை மதிப்பிடும் ஆய்வை வரைந்து, கருத்தரங்கில் அதை அடி வாங்க வைத்து, திருத்தி எடுத்துக்கொண்டு ஊர் திரும்புகிறார்.

கற்றுத்தரப்படுவது புள்ளியியல் சூத்திரம் அன்று. அது அவர்களுக்கு முன்பே தெரியும். ‘இந்தத் திட்டம் வராமல் இருந்திருந்தால் இதே மனிதர்களுக்கு என்ன ஆகியிருக்கும்?’ என்ற, நேரில் பார்க்கவே முடியாத ஒன்றைக் கணிப்பதற்கான ஒழுங்குதான் பாடம். ஆட்டுக்குட்டி கொடுத்த வீட்டில் இரண்டு ஆண்டு கழித்து வருமானம் கூடியிருக்கிறது என்றால், அது ஆட்டினாலா, அந்த ஆண்டு மழை நன்றாகப் பெய்ததாலா என்று பிரித்துச் சொல்லத் தெரிய வேண்டும். திட்டத்தில் தாமாக முன்வந்து சேர்ந்தவர்களைச் சேராதவர்களோடு ஒப்பிட்டாலும் பயனில்லை; முன்வருகிறவர் ஏற்கெனவே துடிப்பானவராக இருப்பார். ஆகவேதான் எந்த ஊருக்குத் திட்டம், எந்த ஊருக்கு இப்போதைக்கு இல்லை என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்கிறார்கள்.

குலுக்கல் போடுவது எளிது; எத்தனை சீட்டு என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். 40 ஊர்களில் ஊருக்கு 50 வீடுகள் என்றாலும், 200 ஊர்களில் ஊருக்கு 10 வீடுகள் என்றாலும் கணக்குக்கு 2,000 வீடுகள்தாம். ஆனால் ஓர் ஊரில் கிணறு வற்றினால் அங்குள்ள 50 வீடும் சேர்ந்தே நலியும். அந்த 50 பேர் சொல்லும் செய்தி ஏறக்குறைய ஒரே செய்தி. எனவே முதல் வகை ஆய்வு, பார்வைக்குப் பெரிதாக இருந்தும், இரண்டாவதைவிடக் குறைவாகவே சொல்லும். இதைத் தாளில் படித்தவர்கள் பலர் உண்டு. பெட்ரோல் செலவு, கணக்கெடுப்பாளரின் தினக்கூலி, மழைக்காலத்தில் துண்டிக்கப்படும் சாலை எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு 200 ஊரா 120 ஊரா என்று முடிவெடுக்கப் பழகியவர்கள் சிலரே. அந்தப் பழக்கத்தைத்தான் நல்கை தர முயல்கிறது.

அமெரிக்க, ஐரோப்பியப் பேராசிரியர்கள் இதைத்தான் கால் நூற்றாண்டாகச் செய்துவருகிறார்களே. யார் அளந்தால் என்ன, அளவு அளவுதானே?
– ஓய்வு பெற்ற வங்கி அலுவலர், கும்பகோணம்

தராசுக்கு நாடு கிடையாது என்பது சரி. தட்டில் எதை வைப்பது என்பதற்கு நாடு உண்டு, மாவட்டமும் உண்டு.

கென்யாவின் மேற்கே சியாயா மாவட்டத்தில் நடந்த ஓர் ஆய்வை எடுத்துக்கொள்வோம். 653 சிற்றூர்கள், அவற்றில் குலுக்கலில் தேர்வான ஊர்களில், பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஏழை வீடுகளுக்கு வீட்டுக்குச் சுமார் 1,000 டாலர் நிபந்தனையின்றி வழங்கப்பட்டது. அந்தப் பணம் பெற்றவர் வீட்டோடு நிற்காமல் கடைக்காரர், தச்சர், பக்கத்து ஊர்க்காரர் என்று கைமாறி, ஒரு டாலருக்கு ஏறத்தாழ இரண்டரை டாலர் அளவுக்கு உள்ளூர்ப் பொருளாதாரத்தைப் பெருக்கியது. விலைவாசியோ மிகச் சொற்பமாகவே உயர்ந்தது என்று கண்டார்கள். சிறப்பான ஆய்வு. அதில் ‘ஏழை வீடு’ என்பதற்கு அடையாளம் என்ன தெரியுமா? புல் வேய்ந்த கூரை. தகரக் கூரை இருந்தால் தகுதி இல்லை. கூரை வீட்டையும் ஓட்டு வீட்டையும் பார்த்தே வளர்ந்த நமக்கு இது உடனே புரியும். இதில் உள்ள இடைவெளியும் புரியும். மகன் நகரத்திலிருந்து ஒருமுறை அனுப்பிய பணத்தில் தகரம் போட்டுவிட்டு அரைவயிற்றோடு இருக்கும் கிழவியும் உண்டு அல்லவா? ஓர் எளிய அடையாளம் வேண்டும் என்பதற்காக அதை ஏற்கலாம். ஆனால் யாரை அது விட்டுவிடும் என்று முதல் நாளே கேட்க, அந்த வட்டாரத்துக் கூரைகளின் கதை தெரிந்த ஒருவர் மேசையில் இருக்க வேண்டும்.

‘குடும்பம்’ என்ற சொல்லே அடுத்த சிக்கல். நம் நாட்டுக் கணக்கெடுப்புகளில் ஒரே அடுப்பில் சமைத்து உண்பவர்கள் ஒரு குடும்பம். சியாயாவில் பெரும்பான்மையாக வாழும் லுவோ மக்களின் வளவில், அதாவது ஒரே வேலிக்குள் பல வீடுகள் கொண்ட குடியிருப்பில், கணவனுக்கு இரண்டு மனைவியர் இருந்தால் அவரவர்க்குத் தனி வீடு, தனி அடுப்பு. வளர்ந்த மகன் தந்தையின் வளவுக்குள்ளேயே தனிக் குடிசை கட்டிக்கொள்வான். அந்தக் குடிசைக்கு லுவோ மொழியில் ‘சிம்பா’ என்று பெயர். கென்யாவின் பொதுமொழியான சுவாகிலியில் அதே சொல்லுக்குச் சிங்கம் என்று பொருள். (வினாத்தாளை மொழிபெயர்ப்பவர் இதில் இடறினால் கேட்க நன்றாகத்தான் இருக்கும்.) அங்கே உதவித்தொகை யாருக்கு, நிலம் யாருடையது, யார் சாப்பாட்டை யார் கணக்கில் சேர்ப்பது? தவறாக வரையறுத்தால், பிறகு எந்தக் கணினி நிரலும் அதைச் சரிசெய்யாது.

என் சொந்த அனுபவம் ஒன்று. இளமையில் சில மாதம் காவிரிப் பாசனப் பகுதியில் கணக்கெடுப்பாளராக அலைந்திருக்கிறேன். எங்கிருந்தோ அச்சாகி வந்த வினாத்தாள் ‘கடந்த மாத வருமானம்’ என்று கேட்டது. நாங்கள் போனது ஆடி மாதம். வயலில் விதை விழாத நேரம். குத்தகை விவசாயி ‘ஒண்ணுமில்லை’ என்றார். நான் சுழியம் என்று எழுதினேன். அதே வீட்டில் தை அறுவடைக்குப் பின் கேட்டிருந்தால் களத்துமேட்டு நெல் முழுவதும் ஒரு மாத வருமானமாகப் பதிவாகியிருக்கும். இரண்டுமே பொய். வடிவமைத்தவருக்குப் பயிர்ப்பருவம் தெரிந்திருந்தால் கேள்வியே வேறாக இருந்திருக்கும்.

இன்னொரு காரணம், யார் குரல் அச்சேறுகிறது என்பது. வளர்ச்சியியல் ஆய்விதழ்களில் 1990 முதல் 2019 வரை வெளியான கட்டுரைகளைக் கணக்கிட்டுப் பார்த்ததில், வளரும் நாடுகளில் இருந்து பணியாற்றும் ஆய்வாளர்கள் மட்டுமே எழுதியவை ஏறத்தாழ 16 விழுக்காடு. வளர்ந்த நாடுகளில் உள்ளவர்கள் மட்டுமே எழுதியவை 73 விழுக்காடு. பேசப்படும் வறுமை ஒரு பக்கமும் பேசுகிறவர்கள் மறு பக்கமுமாக இருக்கும் இந்த நிலையை வெறும் கௌரவப் பிரச்சினை என்று ஒதுக்க என்னால் முடியவில்லை. எந்தக் கேள்வி கேட்கத் தகுந்தது என்பதையும் அதுதான் முடிவு செய்கிறது.

அதற்காக உள்ளூர்க்காரர் என்றாலே போதும் என்று கொள்ள வேண்டாம். உகாண்டாவின் தலைநகர் கம்பாலாவில் பிறந்து வளர்ந்த பேராசிரியர், கால்நடை மேய்ப்போர் வாழும் கரமோஜா பகுதிக்குப் போனால், மொழி தெரியாத விருந்தாளிதான். பெர்க்லியிலிருந்து வருகிறவரைவிட அவருக்கு அனுகூலம் உண்டு. ஆனால் அவரும் முதலில் காது கொடுத்துக் கேட்டாக வேண்டும்.

ஏழைகளில் பாதிப் பேருக்குக் கொடுத்துவிட்டு, மீதிப் பேரை வேடிக்கை பார்ப்பது அறமா?
– முதுகலை மாணவர், சேலம்

எல்லாருக்கும் கொடுக்கப் பணம் இருந்தும், பயன் உறுதி என்று தெரிந்தும், ஆய்வுக்காக மட்டும் ஒருவரை விலக்கி வைத்தால் அது அறமன்று. ஆனால் நடைமுறையில் எந்த அரசும் ஒரே நாளில் எல்லா ஊருக்கும் போய்ச் சேர்வதில்லை. ஏழைக் குடும்பங்களுக்கு உதவித்தொகை வழங்கும் மெக்சிகோவின் ‘ப்ரொக்ரெஸா’ திட்டம் 1997-இல் தொடங்கியபோது, ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட 506 சிற்றூர்களில் 320-க்கு முதலிலும், 186-க்குப் பின்னரும் உதவி சென்றது. அந்த இடைக்காலமே ஒப்பீட்டுக்கு இடம் தந்தது. கென்யாவின் பூசியாவில் 75 பள்ளிகளில் குடற்புழு நீக்க மாத்திரை வழங்கிய புகழ்பெற்ற ஆய்விலும் 25, 25, 25 எனப் பள்ளிகள் மூன்று தவணைகளில் சேர்க்கப்பட்டன. எம்.எல்.ஏ.வுக்கு வேண்டிய ஊர் முதலில் என்று வரிசை வைப்பதைவிடக் குலுக்கல் நேர்மையானது என்பது என் கருத்து.

பயிற்சி முடித்துத் திரும்பியவர்கள் உண்மையிலேயே ஆய்வு செய்கிறார்களா, அல்லது சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டுவதோடு சரியா?
– தொண்டு நிறுவனப் பணியாளர், தர்மபுரி

கடிதங்களிலேயே இதுதான் நல்ல கேள்வி.

நான்கு மாதம் பெர்க்லியில் இருந்தவருக்கு அங்கே நூலகம் உண்டு, வரைவைப் படித்துக் கிழித்துத் தரும் சகாக்கள் உண்டு, வேறு வேலை இல்லை. திரும்பிய மறுவாரம் அவர் முன்னால் நூற்றுக்கணக்கான விடைத்தாள்கள் கிடக்கும். பல கிழக்கு ஆப்பிரிக்கப் பல்கலைக்கழகங்களில் வகுப்புச் சுமை கடுமை; சம்பளம் போதாமல் பன்னாட்டு அமைப்புகளுக்கு ஆலோசனை அறிக்கை எழுதித் தருவது வழக்கம். ஆலோசனை அறிக்கை மூன்று மாதத்தில் முடிந்து பணமும் கைக்கு வந்துவிடும்; ஒரு தாக்க மதிப்பீடு, அதாவது திட்டத்தால் விளைந்த மாற்றத்தை அளக்கும் ஆய்வு, முடிய மூன்று ஆண்டு பிடிக்கும், அதன் முடிவில் ‘திட்டத்தால் பயனில்லை’ என்று வந்தாலும் வரும். எதைத் தேர்ந்தெடுப்பார் என்று ஊகிக்கப் பெரிய அறிவு தேவையில்லை.

‘பயனில்லை’ என்று எழுதத் துணிவும் தேவை, பொறுமையும் தேவை. நம் அருகிலேயே ஓர் எடுத்துக்காட்டு: தெலங்கானாவின் மேதக் பகுதியில் மிக வறிய பெண்களுக்கு எருமை போன்ற சொத்தும் பயிற்சியும் கொடுத்த திட்டம் ஒன்றை மதிப்பிட்டபோது, நிகரப் பயன் ஏதும் தென்படவில்லை. ஏறக்குறைய இதே வடிவிலான திட்டம் எத்தியோப்பியா, கானா, நமது மேற்கு வங்கம் உட்பட ஆறு நாடுகளில் சோதிக்கப்பட்டு, ஒட்டுமொத்தமாக நல்ல பயன் தந்ததாக 2015-இல் வெளியானது. மேதக்கில் மட்டும் ஏன் இப்படி? அப்போது அங்கே விவசாயக் கூலி ஏறிக்கொண்டிருந்தது. எருமை பெற்றவர்கள் கூலி வேலைக்குப் போவதைக் குறைத்துக்கொண்டார்கள். பெறாதவர்கள் கூலியிலேயே முன்னேறிவிட்டார்கள். சிலர் எருமையை விற்றுக் கடனை அடைத்தார்கள். திட்டம் கெட்டது என்பதல்ல, அந்த ஊரில் அந்த நேரத்தில் அதைவிட நல்ல வழி கூலியாக இருந்தது. அந்த விளக்கம் வரையில் ஆய்வை இழுத்துக்கொண்டு போக, ஊரிலேயே இருந்து தொடர்ந்து பார்க்கும் ஒருவர் வேண்டும். நல்கையின் உண்மையான பயன் அங்கேதான் சோதிக்கப்படுகிறது.

இதை நல்கை நடத்துவோரும் உணர்ந்திருக்கிறார்கள். திரும்பிச் சென்றவர் தம் பல்கலைக்கழகத்தில் பயிலரங்கு நடத்தவும் பாடத்திட்டத்தில் இந்த முறைகளைச் சேர்க்கவும் சிறு தொகைகள் தரப்படுகின்றன. பயின்றவர்கள் தாங்களே கூடி ‘நியேரா’ என்ற ஆப்பிரிக்கத் தாக்க மதிப்பீட்டு ஆய்வாளர் வலைப்பின்னலை அமைத்திருக்கிறார்கள். இதற்கெல்லாம் முன்பே, 1988-இல் நைரோபியில் தொடங்கிய ஆப்பிரிக்கப் பொருளியல் ஆய்வுக் கூட்டமைப்பு, பல நாட்டுப் பல்கலைக்கழகங்களை இணைத்து முதுகலை, முனைவர் படிப்புகளைக் கண்டத்துக்குள்ளேயே நடத்திக்காட்டியது. எனக்குப் பிடித்தது இந்த இரண்டாவது வழி. ஆண்டுக்குச் சிலரை விமானம் ஏற்றுவதைவிட, ஒரு துறையில் நான்கு பேர் ஒருவர் வரைவை ஒருவர் படிக்கும் நிலையை உருவாக்குவது நீண்ட நாள் நிற்கும். நல்கைத் தொகையில் ஒரு பகுதியை, திரும்பிய ஆய்வாளரின் வகுப்புகளை ஓராண்டு எடுக்க மாற்று ஆசிரியருக்குச் சம்பளமாகக் கொடுக்கலாம் என்பது என் யோசனை. புகைப்படத்தில் நன்றாக வராத செலவு என்பதால், நிதி தருவோர் இதில் ஆர்வம் காட்டுவது அரிது.

தமிழ்நாட்டு மாணவர்கள் இதற்கு விண்ணப்பிக்க முடியுமா?
– வாசகர், விழுப்புரம்

ஈஸ்ட் நல்கைக்கு முடியாது; அது அப்பகுதி ஆய்வாளர்களுக்கானது. ஆனால் இந்தத் துறையைத் தேடி நீங்கள் கடல் கடக்க வேண்டியதுமில்லை. 2019-இல் நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும் செந்தில் முல்லைநாதனுடன் சேர்ந்து 2003-இல் தொடங்கிய ‘ஜே-பால்’ வறுமை ஒழிப்பு ஆய்வகத்தின் தெற்காசியக் கிளை, 2007-இல் சென்னையில்தான் அமைந்தது. தமிழ்நாட்டில் 320 அங்கன்வாடிகளை எடுத்துக்கொண்டு, அவற்றில் பாதியில் பகுதி நேர ஆசிரியை ஒருவரைக் கூடுதலாக அமர்த்திப் பார்த்த ஆய்வு நம் வீட்டு வாசலிலேயே நடந்தது. கற்பிக்கும் நேரம் இரட்டிப்பானது, கணக்கிலும் மொழியிலும் குழந்தைகள் தெளிவாக முன்னேறினார்கள், வளர்ச்சி குன்றிய குழந்தைகளின் விகிதமும் குறைந்தது. இவ்வகை ஆய்வுகளுக்குத் தமிழ் பேசவும் எழுதவும் தெரிந்த களப் பணியாளர்கள் தேவைப்படுகிறார்கள்.

அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகம் 2017 முதல் இணையவழியில் நடத்தும், இத்துறை சார்ந்த ‘மைக்ரோமாஸ்டர்ஸ்’ படிப்பின் பாடங்களைக் கேட்கக் கட்டணம் இல்லை. சான்றிதழ் வேண்டினால் மட்டும் கட்டணம், அதுவும் உங்கள் வருமானத்தைப் பொறுத்தது. புள்ளியியல் பாடத்தையும் ‘ஸ்டேட்டா’ அல்லது ‘ஆர்’ மென்பொருளையும் பழகிக்கொண்டு, பட்டம் முடித்த கையோடு ஒரு பருவமாவது கணக்கெடுப்பாளராகக் களத்துக்குப் போய் வாருங்கள். ஆடியில் ஒருமுறை, தையில் ஒருமுறை, அதே வீட்டுக்கு.